தானாக உட்காரும் பாலம்



பல்லைப் பற்றி எதையாவது பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். சர்க்கரையும் ஈறு நோயும், பீடியும் வாய்ப்புண்ணும் என்று எல்லோருக்கும் உடனே பயன்படக்கூடிய தலைப்புகள் எத்தனையோ உண்டு. நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு கேள்வியை: இம்பிளான்ட் மேல் ஏற்றும் பீங்கான் பாலம் சரியாகப் பொருந்துகிறதா? இந்தக் கேள்விக்கு முன் என்னை உட்கார வைத்தவர் ஒரு நோயாளி.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, மேல்தாடையில் ஒரு பல்லும் இல்லாத பெரியவர் ஒருவருக்கு ஆறு இம்பிளான்ட் வைத்து, அதன் மேல் ஒரே துண்டான பீங்கான் பாலத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஸ்க்ரூவை இறுக்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதை இறுக்கும்போது கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கு டாக்டர்."

"அஞ்சு நிமிசத்துல சரியாப் போயிரும், அண்ணாச்சி."

சரியாகத்தான் போனது. ஐந்து நிமிடத்தில் அந்த இறுக்கம் மறைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எல்லாம் அடைந்திருப்பது போலத் தெரிந்தது. அவர் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டுப் போனார். எட்டு மாதத்தில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தது. இறுக்கினேன். பிறகு அதே ஸ்க்ரூ மறுபடி தளர்ந்தது. ஒன்றரை வருடம் ஆவதற்குள் அது உள்ளேயே முறிந்தது. அதற்கு நேர் கீழே கடைவாய்ப் பல்லின் பீங்கானில் ஒரு சில்லு பெயர்ந்தது. கையில் அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். "அன்னைக்கே இறுக்கிப் பிடிக்குன்னு சொன்னேன்லா டாக்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை. தான் சொன்னதை நான் கேட்கவில்லை என்பது மட்டும் இருந்தது. அன்று அவர் வாயால் சொன்னதுதான் அந்தப் பாலத்தைப் பற்றிய மிகச் சரியான சோதனை முடிவு. அதை நான் ஆறுதல் வார்த்தையால் மூடிவிட்டேன்.

நம் பக்கத்தில் இதை யாரும் இம்பிளான்ட் என்று சொல்வதில்லை, "ஸ்க்ரூ வச்சுப் பல் கட்டுறது" என்பார்கள். நல்ல சொல். தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியத் திருகை இறக்கி, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருந்து, அதன் தலையில் பல்லைக் கட்டுகிறோம். பல திருகுகளின் மேல் பல பற்களை ஒரே துண்டாகக் கட்டினால் அது பாலம். எலும்பு டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதைக் கண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் ப்ரோனமார்க். 1950களின் தொடக்கத்தில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கூடு வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து அந்தக் கூட்டை எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு விடவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் நான்கு திருகுகளை வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை அவர் வாயிலேயே இருந்தன.

அப்படி விடாமல் பிடிப்பதுதான் இம்பிளான்டின் பலம். பாலம் கட்டுகிறவனுக்கு அதுவே கஷ்டம். ஏன் என்று விளக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பேரருவிக்கு மேலே பொங்குமாகடல் என்ற பாறைக்குழி இருக்கிறது. உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் அந்தப் பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, வேகத்தை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் கீழே வருகிறது. அதனால்தான் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டும் குளிக்கிறோம். நம் இயற்கைப் பல்லுக்கும் ஒரு பொங்குமாகடல் உண்டு. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கடிக்கும்போது பல் அதில் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கி எழும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இம்பிளான்டுக்கு அந்தப் படலம் கிடையாது. அது எலும்போடு ஒட்டியது. அதன் அசைவு 3 முதல் 5 மைக்ரான்தான்.

இயற்கைப் பற்களின் மேல் கட்டிய பாலம் ஒரு முடியளவு தப்பாக இருந்தால் பற்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். நம் தவறைப் பல் திருத்திக்கொள்கிறது. இம்பிளான்ட் நகராது. பாலம் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே உலோகத்திலும் பீங்கானிலும் எலும்பிலும் இழுவிசையாகப் போய்த் தங்கிவிடும், இரவும் பகலும், சாப்பிடாத நேரத்திலும். அந்தப் பெரியவருக்கு ஐந்து நிமிடத்தில் மறைந்தது வலிதான். இழுவை அங்கேயே இருந்தது.

லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் என் உறவினர் ஒருவர் சொல்வார்: "பார்ட்டு தானா உக்காரணும். நாம உக்கார வச்சா ஒரு நாள் எந்திரிச்சிரும்." பல் மருத்துவப் புத்தகங்கள் நூறு பக்கத்தில் சொல்வதும் இதையேதான். பாலத்தைக் கையால் வைத்தவுடன் எல்லா இம்பிளான்டின் தலையிலும் அது முழுதாகப் படிய வேண்டும். ஸ்க்ரூவின் வேலை அதைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே. கீழே இழுத்துப் படிய வைப்பது ஸ்க்ரூவின் வேலை இல்லை.

இதற்குள் ஒரு இயந்திர நுட்பம் இருக்கிறது. ஸ்க்ரூவை இறுக்கும்போது அது ஒரு நுண்ணிய ஸ்பிரிங்கைப் போல நீளுகிறது. சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்குகிறது. கம்பெனிகள் 15 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்று இறுக்க அளவு சொல்வதெல்லாம் இந்த நீட்சிக்காகத்தான். பாலம் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டு நின்றால், இறுக்கும் விசையில் ஒரு பங்கு அதைக் கீழே வளைத்து இழுப்பதற்கே செலவாகிவிடும். கருவியில் 35 என்று காட்டும், ஆனால் நெருக்கத்துக்கு மிஞ்சியது குறைவு. பிறகு ஒவ்வொரு கடியும் மூட்டைக் கொஞ்சம் திறந்து மூடும். ஸ்க்ரூ தளரும், வளையும், ஒரு நாள் முறியும். முறிந்த ஸ்க்ரூவை இம்பிளான்டுக்குள்ளிருந்து எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று இங்கே இருக்கும் மருத்துவர்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவருக்கு அதை எடுக்க எனக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று.

சரி, எவ்வளவு தப்பு தாங்கும்? ப்ரோனமார்க் 1983இல் 10 மைக்ரான் என்றார். அதே ஸ்வீடனிலிருந்து டோர்ஸ்டன் யெம்ட் 1991இல் 150 மைக்ரான் வரை நீண்ட நாள் தொந்தரவு வராது என்றார். ஒரே நாட்டில், எட்டே வருட இடைவெளியில், பதினைந்து மடங்கு வித்தியாசம். இரண்டுமே அனுபவத்திலிருந்து சொன்ன மதிப்பீடுகள், பரிசோதனையில் அளந்து வந்த எல்லைகள் இல்லை. இயற்கைப் பல்லின் மேல் போடும் கேப்புக்கு மக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் 1971இல் சொன்ன 120 மைக்ரானைத்தான் இன்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை ஐந்து வருடம் பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொன்னார்கள்.

எலும்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். முயல்களிலும் பபூன் குரங்குகளிலும் வேண்டுமென்றே பொருந்தாத பாலத்தை மாட்டிப் பார்த்த ஆய்வுகளில், எதிர்பார்த்ததற்கு மாறாக எலும்பு கரையவில்லை. மனிதர்களில் ஐந்து ஆண்டுகள் பார்த்த ஓர் ஆய்வும் பொருத்தக் குறைக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் நேர்த் தொடர்பு காணவில்லை. இதைக் காட்டி, பொருத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நான் அந்த ஆய்வுகளை மதிக்கிறேன். எலும்பு மன்னிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூ மன்னிப்பதில்லை. பீங்கான் நிச்சயமாக மன்னிப்பதில்லை. பொருந்தாத இடத்து இடைவெளியில் குடியேறும் பாக்டீரியாவும் மன்னிப்பதில்லை. ஒரு மைக்ரான் உடம்புள்ள அதற்கு 50 மைக்ரான் விரிசல் ஒரு தெரு.

பீங்கான் என்று ஏன் தனியாகச் சொல்கிறேன்? முன்பு பாலத்தின் எலும்புக்கூடு உலோகமாக இருக்கும். வாயில் வைத்துப் பார்ப்போம். ஆடினால் நடுவில் அறுத்து, வாயிலேயே பிசினால் ஒட்டிப் பிடித்து, பல் செய்யும் லேப்புக்கு அனுப்பினால் பற்றவைத்துத் தருவார்கள். தப்பைத் திருத்த ஒரு வழி இருந்தது. இப்போது நாம் போடுவது ஜிர்கோனியா. அறுத்தால் அறுத்ததுதான். அதைப் பற்றவைக்க முடியாது. வளையவும் செய்யாது, விறைப்பில் டைட்டானியத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் பொருத்தம் என்பது பாலம் வந்த பிறகு சரிபார்க்கிற விஷயமாக இருக்க முடியாது. அது சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சூளை என்று தெரிந்துதான் சொல்கிறேன். காருகுறிச்சிக் குயவரிடம் கேட்டுப் பாருங்கள், பச்சைப் பானையும் சுட்ட பானையும் ஒரே அளவா என்று. காயும்போது சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஜிர்கோனியாவும் அதே கதைதான். சாக்பீஸ் போல மென்மையாக இருக்கும் வெள்ளை வட்டக் கட்டியில் கம்ப்யூட்டர் இயந்திரம் பாலத்தைக் கடைகிறது. கடையும்போதே 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைகிறது. பிறகு 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வேகும்போது அது சுருங்கிச் சொன்ன அளவுக்கு வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை 60 மில்லிமீட்டர் என்றால், சுருக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே 60 மைக்ரான் போயிற்று. நீளப் பாலமாக இருந்தால் சுருங்கும்போது லாடம் போல விரியவோ முறுக்கிக்கொள்ளவோ பார்க்கும். அனுபவமுள்ள லேப்காரர் நடுவில் தாங்கு கம்பிகளை விட்டுவைத்துக் கடைவார், சூளையை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குவார். அவசரத்துக்கு வேகச் சூளையில் போட்ட நீளப் பாலத்தை நான் வாங்குவதில்லை.

இந்த ஜிர்கோனியாவைப் பற்றி ஒரு கிளைக்கதை. தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1789இல் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஒரு கல்லை ஆராய்ந்து அதில் புதியதோர் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தார். அதுதான் ஜிர்கோனியா. கல் வந்தது இலங்கையிலிருந்து. டைட்டானியத்தை 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கருமணலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கண்டார். அதற்கு டைட்டானியம் என்று 1795இல் பெயர் வைத்தவரும் இதே கிளாப்ரோத். திருகும் பாலமும் ஒரே மனிதரின் மேஜையில் பெயர் பெற்றவை. இரண்டின் தாதுவும் சேர்ந்து கிடக்கும் இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் ஜிர்கானும் கலந்து கிடக்கின்றன. 1909வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட் என்ற தாதுவைத் தேடி வந்த பிறகுதான் அந்த மணலை உலகம் கவனித்தது. அப்போது மணவாளக்குறிச்சியும் திருவிதாங்கூர், நம் செங்கோட்டையும் திருவிதாங்கூர். இரண்டும் 1956 நவம்பர் 1இல் ஒரே நாளில் தமிழகத்துக்கு வந்தன.

இன்னும் ஒன்று. இங்கே பேரருவியில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பழையகாயலில் 2009இலிருந்து அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் வளாகம் நடக்கிறது. ஜிர்கான் மணலை ஆக்சைடாக்கி, உலோகமாக்கி அணு உலைகளின் தேவைக்காக அனுப்புகிறார்கள். நம் வாயில் வைக்கும் ஜிர்கோனியாவின் தூளோ ஜப்பானின் டோசோ போன்ற நிறுவனங்களிடமிருந்து வருகிறது. தாதுமணல் அள்ளியதால் கரையோர மக்கள் பட்ட பாடு தனியாகப் பேச வேண்டியது. 2013இல் அரசு தனியார் அள்ளுவதை நிறுத்தியது. ஆனால் மணல் நம்முடையது, அறிவும் ஆலையும் நம் ஆற்றின் கடைசியில் இருக்கிறது, பல்லுக்கான தூள் மட்டும் கப்பலில் வருகிறது என்பது ஒவ்வொரு முறை அந்த வெள்ளைக் கட்டியைப் பார்க்கும்போதும் எனக்கு உறுத்துகிறது.

பாலத்துக்குத் திரும்புகிறேன். சூளைக்கு முன்னால் தப்பு எங்கே நுழைகிறது? முதலில் அளவு எடுக்கும்போது. பிசின் போன்ற பொருளால் எடுக்கும் பழைய முறையில், ஒவ்வொரு இம்பிளான்டின் மேலும் ஓர் உலோகக் குழாயை மாட்டி, எல்லாவற்றையும் வாயிலேயே அக்ரிலிக்கால் ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும். அக்ரிலிக் இறுகும்போது சுருங்கும். ஆகவே நடுவில் நறுக்கிவிட்டு, சற்றுப் பொறுத்து, அந்த நூலளவு இடைவெளியை மட்டும் மறுபடி ஒட்ட வேண்டும். சலிப்பான வேலை. நோயாளி வாயைத் திறந்தபடி இருக்க வேண்டும். நாம் தவிர்க்க நினைக்கும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதிப் பொருத்தம் இருக்கிறது. பிறகு மாதிரி வார்க்கும் டென்டல் ஸ்டோன் இறுகும்போது விரியும், நல்ல ரகம் என்றாலும் 0.1 சதவீதம் வரை. மறுபடி அதே 60 மைக்ரான்.

இப்போது வாய்க்குள் விடும் ஸ்கேனர் வந்துவிட்டது. இரண்டு மூன்று பல் பாலத்துக்கு அருமையான கருவி. முழுத் தாடைக்கு வரும்போது எனக்குத் தயக்கம் உண்டு. அது ஒரே பார்வையில் தாடையைப் பார்ப்பதில்லை. சின்னச் சின்னப் படமாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஓரடி ஸ்கேலை மாற்றி மாற்றி வைத்து பேரருவியிலிருந்து ஐந்தருவிவரை அளப்பது போல, ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சிறு பிசகு சேரும். பல்லில்லாத வழவழப்பான ஈறில் அடையாளம் பிடிக்கவும் இடமில்லை. எல்லா இம்பிளான்டின் இடத்தையும் வெளியிலிருந்து ஒரே சமயத்தில் படமெடுக்கும் போட்டோகிராமெட்ரி இதற்கு நல்ல பதில். அது இல்லாத இடத்தில் பழைய முறைக்குத் திரும்புவதில் குறைவு ஒன்றுமில்லை.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள நான் மிகவும் நம்புவது விலை குறைந்த ஒரு பொருளை: பிளாஸ்டர். மாதிரியின் மேல் உலோகக் குழாய்களை மாட்டி, அவற்றைப் பிளாஸ்டரால் பாலம் போல இணைத்து லேப்பிலிருந்து அனுப்புவார்கள். அதை வாயில் வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்குகிறோம். அக்ரிலிக் என்றால் தப்பை விழுங்கிக்கொண்டு வளைந்துவிடும், நம்மிடம் சொல்லாது. பிளாஸ்டருக்கு வளையத் தெரியாது. அளவில் பிசகு இருந்தால் 'டிக்' என்று உடைந்துவிடும்.

அந்தப் பெரியவருக்கு இரண்டாவது பாலம் செய்தபோது முதன்முதலாக இதைச் செய்தேன். மூன்றாவது ஸ்க்ரூ வரை சும்மா இருந்த பிளாஸ்டர் நான்காவதில் உடைந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. முதல் பாலத்தில் அவர் கையைத் தூக்கிய அதே இடம். அவரிடம் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதத்தான் நான் சொன்னேன்" என்றார். மறுபடி அளவு எடுத்தோம். இரண்டாவது பிளாஸ்டர் உடையவில்லை. ஒரு பக்கக் கடைசி ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிவிட்டு மறு கோடி தூக்குகிறதா என்று எக்ஸ்ரே எடுத்தேன். ஷெஃபீல்ட் சோதனை என்பது அதுதான். அக்ரிலிக்கில் ஒத்திகைப் பாலம் கடைந்து இரண்டு மாதம் அவர் அதிலேயே சாப்பிட்டார். அதன் பிறகுதான் ஜிர்கோனியா. அதையும் நேராக இம்பிளான்டின் மேல் வைக்கவில்லை. ஜிர்கோனியா டைட்டானியத்தைவிட மிகக் கடினம். நேரடியாக உரசினால் இம்பிளான்டின் வாயையே தேய்த்துவிடும். சின்ன டைட்டானியக் குப்பிகளை இம்பிளான்டில் மாட்டி, அவற்றின் மேல் பீங்கானைச் சிமென்டால் ஒட்டினோம். சிமென்டுக்கு விடும் சில பத்து மைக்ரான் இடைவெளி மிச்சமிருக்கும் பிசகை வாங்கிக்கொள்ளும். இறுக்கும்போது நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது ஸ்க்ரூவும் முடிந்த பிறகு, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றார்.

அந்த வேலையில் பாதி என்னுடையது இல்லை. லேப்பில் அதைச் செய்தவர் அந்தப் பெரியவரைப் பார்த்ததே கிடையாது. நாம் பஸ் பார்சலில் அனுப்பும் டப்பாவும் அதன் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டும்தான் அவருக்கு நோயாளி. அளவில் சந்தேகம் வந்து அவர் போன் செய்யும்போது, "பரவாயில்லை, முடிச்சிருங்க, செவ்வாய்க்கிழமை டெலிவரி" என்று நாம் சொன்னால் அந்தச் சந்தேகம் அப்படியே பாலத்துக்குள் போய்விடுகிறது. மருத்துவ மாணவர்கள் ஒரு வாரமாவது லேப்பில் உட்கார வேண்டும். லேப் தொழில்நுட்பர் மாட்டும் நாளில் வந்து நாற்காலி அருகில் நிற்க வேண்டும். அதற்கான நாள்கூலியும் பஸ் செலவும் நம் பில்லில் இருக்க வேண்டும். நான் அப்படித்தான் போடுகிறேன்.

கடைசியாக, மருத்துவர் அல்லாத உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, தளர்ந்த பாலத்தோடு என்னிடம் வந்தார். எந்தக் கம்பெனி இம்பிளான்ட் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூவின் தலையும் உள்வாயும் வேறு வேறு. என்னிடம் இருந்த சாவி எதுவும் சேரவில்லை. எக்ஸ்ரே நிழலை வைத்து நான்கு நண்பர்களிடம் கேட்டு, சென்னையிலிருந்து சாவி வருவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். இம்பிளான்ட் வைக்கும்போது அதன் பெட்டியில் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். பாலம் மாட்டிய நாளில் எந்த ஸ்க்ரூ, எவ்வளவு இறுக்கம் என்பதையும் அதே அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் போட்டு வையுங்கள்.